டென்ஸ் மெஷின் வாங்கலாமா?

ஃபிசியோதெரபிக்குப் போனவங்க இதைப் பார்த்திருப்பீங்க. தோல்மேல பேட் ஒட்டி, கையடக்கமான ஒரு மெஷினை ஆன் பண்ணுவாங்க. சுருசுருன்னு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அதுதான் டென்ஸ். இப்போ ஆன்லைன்லயே கிடைக்குது. வாங்கலாமா?

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது? கால் கட்டில்ல இடிச்சா, கை தானா போய் அங்கே தேய்க்கும். வலி கொஞ்சம் அடங்கும். தொடு உணர்வைக் கொண்டுபோற தடிமனான நரம்புகள், வலித் தகவல் மேலே போறதை முதுகுத்தண்டுலயே குறைச்சிடுது. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் முன்வைத்த 'கேட் கண்ட்ரோல்' கோட்பாடு சொல்றது இதைத்தான். டென்ஸ் அதே நரம்புகளை மின்சாரத்தால் தூண்டுது. வழக்கமா நொடிக்கு 80 முதல் 120 துடிப்புகள் வைப்பாங்க.

எல்லா வலிக்கும் கேட்குமான்னா, இல்லை. 2016-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் பரிந்துரைக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. மாதவிடாய் வலிக்கு, துடிப்பு அதிகமா வைக்கிற டென்ஸ் உதவலாம்னு ஆய்வுகள் காட்டுது. அடிவயித்துல இல்லைன்னா கீழ்முதுகுல பேட் ஒட்டுவாங்க. உறுத்தாத அளவுக்கு, ஆனா நல்லா தெரியுற அளவுக்கு வைக்கணும். ஆஃப் பண்ணினா பலன் பெரும்பாலும் சீக்கிரமே குறைஞ்சிடும்.

ஒரு விஷயத்தைக் கவனமா கேளுங்க. மாசாமாசம் காலேஜுக்கோ ஆபீஸுக்கோ லீவு போடுற அளவுக்கு வலின்னா, மெஷினை மட்டும் நம்பி இருந்துடாதீங்க. எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு வீட்டுல சொல்லியே பல பேருக்கு வருஷக்கணக்கா ஓடிடுது. டென்ஸ் வலியைக் குறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. எந்த நாள்ல எவ்வளவு வலிச்சதுன்னு போன்ல குறிச்சு எடுத்துட்டுப் போனா, பேச்சு சுலபமாகும்.

பேஸ்மேக்கர் இருக்கறவங்க இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவங்க டாக்டரைக் கேக்காம போடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், புண், மரத்துப்போன தோல் மேல ஒட்டாதீங்க. வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் வேண்டாம்.

காசு போடுறதுக்கு முன்னாடி, ஃபிசியோகிட்ட ஒரு தடவை போட்டுப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம். அடுத்த எபிசோட்ல பேசுவோம்!