பதினொன்றாம் வகுப்பில் சேரும் நாள்

(சங்கத்தின் மாணவர் வழிகாட்டும் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் நமக்குப் பணித்த தலைப்பு ‘மாணவர்களும் எதிர்காலத் திட்டமும்’ என்பதாகும். தலைப்போ பெரிது, நேரமோ சிறிது. ஆதலின், பத்தாம் வகுப்புத் தேறிப் பதினொன்றாம் வகுப்பில் சேருகின்ற அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சில சொல்ல விழைகிறோம்.

அன்று நம் அறைக்கு வரும் மாணவனிடம், “தம்பி, எந்தப் பிரிவு வேண்டும்?” என்று கேட்டால், அவன் நம்மைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் தோழனைப் பார்க்கிறான். தோழன் எப்பிரிவோ அதுவே இவனுக்கும். இன்னும் சிலருக்கு மாமா சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்பதே காரணம். சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், நாலு இடத்தில் விலை கேட்கிறோம். பத்தாண்டுப் படிப்பின் பயனையோ அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

நாமும் அவ்வாறு வந்தவரே. 1987-ஆம் ஆண்டு மேல்நிலைத் தேர்வில் தேறியபோது, நம் கல்லூரி விண்ணப்பத்தில் ‘வரலாறு’ என்று எழுதியது நமது கையன்று. ஆதிதிராவிடர் நல விடுதியில் உடன் தங்கியிருந்த ஓர் அண்ணனின் கை. ஏன் வரலாறு என்று கேட்டதற்கு, “அதில்தான் இடம் இருக்கிறது” என்றார். பின்னர் பி.எட். படித்தோம். நம் தெருவுக்குள் மாதச் சம்பளம் வாங்கியவர் ஆசிரியர் ஒருவரே. கண்ணால் காணாத தொழிலை யார்தாம் விரும்ப இயலும்? ஆசிரியப் பணியில் நமக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆயினும் அதை நாமே தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இனி, நாம் செய்த ஒரு பிழையை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் பணியாற்றியபோது, நம் சமுதாயத்து மாணவி ஒருவர் கணிதப் பிரிவு கேட்டு வந்தார். தாயார் கட்டட வேலையில் சித்தாள். “அம்மா செங்கல் சுமக்கிற இடத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே ஐயா, அந்த வேலைக்குப் படிக்க வேண்டும்” என்றார். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 58 மதிப்பெண். நாம் அவரை வணிகவியல் பிரிவில் சேர்த்தோம். அவர் நன்மைக்கே என்றும் சொல்லி அனுப்பினோம். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்களே என்ற அச்சம் ஒருபுறம். மறுபுறம், சொல்லவே நாணுகிறோம், ‘நம் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது’ என்று பிறர் நம்மைப் பற்றிச் சொல்லிவந்த அதே எண்ணம் நம் நெஞ்சிலும் குடியிருந்தது.

அப்பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார். அதன் பிறகு, பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதைத் தாமே விசாரித்து அறிந்து, கட்டடவியலில் முதலாண்டில் சேர்ந்தார். பட்டயம் பெற்றோர் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், அவரும் சேர்ந்தார். பின்னொரு நாள் பேருந்து நிலையத்தில் நம்மைக் கண்டு வணங்கிச் செய்தியைச் சொன்னார். நாம் மகிழ்ந்து பாராட்டினோம். “பத்தாவது முடிந்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே ஐயா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். சித்தாள் கூலியில் நடக்கும் ஒரு குடும்பத்திற்கு இரண்டு ஆண்டு என்றால் என்னவென்று இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் படத்திற்கு மாலையிடுகிறோம். அவர் படித்த முறையை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பரோடா அரசரின் உதவித்தொகையில் 1913-இல் அமெரிக்கா சென்றவர், பின்னர் இலண்டனில் படித்துக்கொண்டிருக்கையில், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. அவர் அதோடு விட்டுவிடவில்லை. மீண்டும் வந்து தொடர்வதற்குப் பல்கலைக்கழகத்தின் இசைவைப் பெற்றுக்கொண்டே கப்பலேறினார். பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார். போதாததற்குக் கடனும் உதவியும் பெற்றார். 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அறிவு அவருக்கு இயல்பாய் வாய்த்தது எனலாம். திரும்பிச் செல்லும் வழியைத் திறந்து வைத்துவிட்டு வந்தது திட்டம்.

உங்களுக்கும் வழிகள் உள்ளன. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை இடுகிறார்கள். கணிதத்தை விட்டவர்க்கு அந்த வாயில் அன்றே அடைபடுகிறது. மருத்துவத்திற்கும் செவிலியர் பட்டப்படிப்பிற்கும் உயிரியல் வேண்டும். அதற்காக வணிகவியலும் வரலாறும் தாழ்ந்தவை என எண்ணிவிடாதீர்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிற்கு எப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். பட்டயக் கணக்கர் தேர்வும் எழுதலாம். நம் பிள்ளைகளுள் அத்தேர்வின் பெயரையேனும் கேட்டிருப்பவர் எத்தனை பேர்?

இன்னொன்று. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவரைத் தனியார் பள்ளிகள் ‘கட்டணம் வேண்டாம், வாருங்கள்’ என அழைப்பதுண்டு. பெற்றோர்களே, தலையசைக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 7.5 விழுக்காட்டு இடங்கள், மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் ஒதுக்கப்படுகின்றன. இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை போய்விடும். இதைத் தனியார் பள்ளி உங்களுக்குச் சொல்லாது.

சாதிச் சான்றிதழைக் கோடை விடுமுறையில் தேடத் தொடங்காதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே கையில் இருக்கட்டும். பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியதால் உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வராமல் நின்ற பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

எந்தப் பிரிவு என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லப் போவதில்லை. சொன்னதன் விளைவைத்தான் கேட்டீர்களே! அதற்கு மாறாக, சங்கத்தின் செலவில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். முதற்பக்கத்தில், நீங்கள் கண்ணால் கண்ட தொழில்களை எழுதுங்கள். பத்துக்கு மேல் வராது, நமக்கு வந்ததில்லை. பிறகு, மாதம் ஒரு புதிய தொழிலரைத் தேடிச் சென்று, அவர் பத்தாம் வகுப்பு முடித்த நாள் முதல் இன்றுவரை என்னென்ன படித்தார், எவ்வளவு செலவாயிற்று, எங்கே தடுக்கி விழுந்தார் என்று கேட்டு எழுதுங்கள். மின்வாரிய அலுவலகம், கால்நடை மருத்துவமனை, நீதிமன்ற வளாகம், ஆரம்ப சுகாதார நிலையம் என இடம் எதுவாயினும் சரி. நமக்குத் தெரிந்தவர் எவருமில்லையே என்று தயங்குவீர்கள். நம் சங்கத்தில் படித்து வேலைக்குச் சென்றவர்களின் பட்டியல் செயலாளரிடம் உள்ளது; அவர்கள் மறுக்கமாட்டார்கள், மறுத்தால் நம்மிடம் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில், நினைத்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்து எந்த வழி என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டுகள் பின்புற மேசையில் உள்ளன. பெயரைப் பதிந்து பெற்றுக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணி வரை நாம் இங்கேயே இருப்போம். பெற்றோர்களும் வந்து கேட்கலாம்.