டூலியின் எட்டு நூல்கள்
(ஆண்டு விழா இலக்கிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

அயல்நாட்டு நகைச்சுவை ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று நம் செயலாளர் பணித்தார். அமெரிக்க நகைச்சுவை என்றவுடன் மார்க் டுவெயின் பெயரே எல்லோர் நினைவிலும் எழும். அவரைப் பற்றிப் பேசினால் நீங்கள் அறிந்ததையே திரும்பக் கூறியவனாவேன். ஆதலின், அவருக்கு அடுத்த தலைமுறையில் பெரும்புகழ் பெற்று, இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்ட ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். அவர் பெயர் பின்லி பீட்டர் டன். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் குடியேறி வாழ்பவர்கள் அனைவரும் கேட்கத்தக்கது அவருடைய நூல்களின் கதை.

டன் 1867-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் தச்சுத் தொழிலாளர். தாயார் நூல்களைப் படிப்பதில் பேரார்வம் உடையவர். அந்தத் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர்தான் பின்லி என்பது; மகன் அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1884-இல் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளிலேயே தலையங்கம் எழுதும் நிலைக்கு உயர்ந்தார்.

சிகாகோவில் ஜேம்ஸ் மெக்கேரி என்ற அயர்லாந்துக்காரர் மதுக்கடை நடத்திவந்தார். அவரை மாதிரியாகக் கொண்டு, மெக்நீரி என்று பெயரை மாற்றி, டன் சில கட்டுரைகள் எழுதினார். ஊரெல்லாம் சிரித்தது, கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வருந்தவே, டன் அந்தக் கடையை மூடிவிட்டு, ஏழைத் தொழிலாளர் வாழும் பிரிட்ஜ்போர்ட் பகுதியில், ஆர்ச்சர் சாலையில், கற்பனையாகவே வேறொரு கடை திறந்தார். அதன் உரிமையாளர்தான் மார்ட்டின் டூலி. 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் ‘ஈவினிங் போஸ்ட்’ இதழில் டூலி முதன்முதலாகப் பேசத் தொடங்கினார்.

பிரிட்ஜ்போர்ட் எத்தகைய இடம் என்பதை அறிந்தால்தான் டூலி யார் என்பது விளங்கும். இல்லினாய்–மிச்சிகன் கால்வாயை வெட்டும் வேலை 1836-இல் தொடங்கி 1848-இல் முடிந்தது. மண்வெட்டி பிடிக்க வந்த அயர்லாந்துக்காரர்கள் அங்கேயே தங்கிவிட்டனர். கால்வாய் முடிந்தபின் இரும்பாலைகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் அவர்களுக்கு வேலை கொடுத்தன. டூலி ராஸ்காமன் மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர், மணமாகாதவர், வயது முதிர்ந்தவர். மேசையின் இந்தப்புறம் அவர் நின்று பேசுவார். அந்தப்புறம் ஹென்னஸி என்ற இரும்பாலைத் தொழிலாளி, பல பிள்ளைகளின் தந்தை, பெரும்பாலும் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கட்டுரையின் அமைப்பு அவ்வளவே.

டூலி பேசுவது இலக்கண ஆங்கிலம் அன்று; அயர்லாந்து உழவன் சிகாகோத் தெருவில் பேசும் ஆங்கிலம். காதில் விழுவதை அப்படியே காட்டுவதற்காக, டன் எழுத்துக்கூட்டலையே மாற்றி எழுதினார். அதற்கொரு காரணமும் இருந்தது. நகரமன்ற உறுப்பினர் ஒருவரைத் திருடர் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினால் வழக்கு வரும். அதையே ஒரு கிழட்டு மதுக்கடைக்காரர் கொச்சையாகச் சொன்னால், வழக்குத் தொடுப்பவரே நகைப்புக்கு இடமாவார். இந்த உண்மையை டன் பிற்காலத்தில் தாமே கூறியிருக்கிறார். எளியவன் பேச்சு அவருக்கு ஒரு கேடயமாகவும் அமைந்தது.

அந்தக் கேடயத்தின் பின்னிருந்து அவர் விளையாட்டு மட்டும் பேசவில்லை. 1894-இல் சிகாகோவை அடுத்த புல்மன் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் கூலியைக் குறைத்தார்கள். தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் முதலாளியுடையவையே. அவற்றின் வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் மூண்டது, கூட்டரசின் படை வந்தது. பெண்டிரும் பிள்ளைகளும் பசித்திருப்பதையும், அதுபற்றி முதலாளிக்கு ஒரு கவலையும் இல்லாததையும் டூலி கூறிய கட்டுரையில் சிரிப்பைவிடச் சினமே மிகுதி. அதைக் கோத்து முடித்த நிலையில் டன் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, அச்சுக்கோப்பவர்கள் தம் கருவிகளால் எழுத்துப் பெட்டிகளில் தட்டி ஆரவாரம் செய்தார்கள் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஓர் எழுத்தாளனுக்கு இதனினும் பெரிய பரிசு உண்டோ?

நண்பர்களே! இனி நூல்களுக்கு வருவோம்.

1898-இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்தது. கடற்படைத் தளபதி டியூயி மணிலாத் துறைமுகத்தில் வென்றார். உடனே டூலி அவரைத் தம் உறவினராக்கிக்கொண்டு பேசினார். நாடு முழுவதும் அந்தப் பேச்சு பரவியது. அவ்வாண்டே பாஸ்டன் நகரிலிருந்து ‘அமைதியிலும் போரிலும் டூலி’ என்னும் முதல் நூல் வெளிவந்தது. அடுத்து ‘நாட்டு மக்கள் நெஞ்சத்தில் டூலி’ (1899), ‘டூலியின் தத்துவம்’ (1900), ‘டூலியின் கருத்துக்கள்’ (1901), ‘டூலியின் நோக்குகள்’ (1902), ‘டூலியின் ஆய்வுரைகள்’ (1906), ‘டூலி சொல்கிறார்’ (1910) ஆகியவை வந்தன. இறுதியில், உயில் எழுதுவதையும் பிற தீமைகளையும் பற்றிய எட்டாம் நூல் 1919-இல் வெளிவந்தது.

முதல் நூலை லண்டன் பதிப்பாளர் சிலர் அனுமதி பெறாமலே அச்சிட்டு விற்றனர். டன் வழக்காடவில்லை. தம்மை யாரும் அழையாமலே தம் நூலைப் பிரிட்டிஷ் மக்களுக்கு வழங்கிய அந்தப் பெருந்தகையாளர்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, இரண்டாம் நூலை அவர்களுக்கே காணிக்கையாக்கினார்! திருடனுக்கு மாலையிட்டு வரவேற்பதுபோன்ற இந்த நகைச்சுவை, அவர் எழுத்து முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு.

தியோடர் ரூஸ்வெல்ட் கியூபாப் போரில் தம் படையின் வீரச்செயல்களை 1899-இல் நூலாக எழுதினார். டூலி அதற்கு மதிப்புரை கூறினார். தனியொருவராகவே போரை வென்று முடித்ததாக எழுதியிருப்பவர், நூலின் பெயரையும் அதற்கேற்ப வைத்திருக்கலாமே என்பது அவர் கருத்து. அப்போது நியூயார்க் மாநில ஆளுநராயிருந்த ரூஸ்வெல்ட் சினங்கொள்ளவில்லை. தம் வீட்டார் அனைவரும் அதைப் படித்து மகிழ்ந்ததாகக் கடிதம் எழுதி, நட்புக்கொள்ள விரும்பினார். புதிதாகப் பிடித்த தீவுகளுக்கு அமெரிக்க அரசியற் சட்டம் செல்லுமா என்ற வழக்கு 1901-இல் வந்தது. நீதிபதிகளின் ஒரு கண் தேர்தல் முடிவுகள்மேல் இருக்கிறது என்ற பொருள்பட டூலி அப்போது கூறியதை அமெரிக்க வழக்கறிஞர்கள் பிற்காலத்திலும் மறக்கவில்லை.

ஐந்தாம் நூலில் குடியேற்றம் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து ஏழைகள் வந்து குவிகிறார்கள், கதவை அடையுங்கள் என்று அந்நாளில் பெருங்கூச்சல் எழுந்திருந்தது. டூலியும் அதில் சேர்ந்துகொள்கிறார். என்ன உரிமையால்? தாம் முந்தி வந்துவிட்ட உரிமையால்! நேற்று உள்ளே நுழைந்தவன் இன்று தாழ்ப்பாளைத் தேடும் இந்த இயல்பு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. புகைவண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிய எவரும் இதை அறிவர்.

ஆனால் இந்த எட்டு நூல்களிலும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

டன் எழுதிய டூலிக் கட்டுரைகள் 700-க்கு மேற்பட்டவை. நூல்களில் இடம் பெற்றவை அவற்றுள் ஒரு பகுதியே. நாடறிந்த போர், தேர்தல், தலைவர்கள் பற்றியவை முன்வரிசை பெற்றன. பிரிட்ஜ்போர்ட் தெருவின் பசி, குளிர்கால வேலையின்மை, பங்குக் கோயில் திருவிழா, தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுந்த பிளவு ஆகியவை முதல் இரண்டு நூல்களில் ஓரளவு வந்தன. பின்னைய நூல்களில் அரிதாயின. இரண்டாம் நூலில் ஷானெஸி என்ற முதியவரைப் பற்றிய கட்டுரையைப் படித்துப் பாருங்கள். மனைவி இறந்தாள்; பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டை விட்டு நீங்கினர்; எஞ்சியிருந்த மகளும் மணமுடித்துச் செல்ல, அவர் தனியே இருக்கிறார். அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் அதைச் சொல்வது அதே டூலிதான், அதே கொச்சைமொழிதான். கடல் கடந்து வந்தவர்களின் கப்பற் பயணத் துயரைக் கூறும் கட்டுரையும் அந்நூலில் இருக்கிறது. இத்தகையவை இன்னும் எத்தனையோ பழைய செய்தித்தாள் கட்டுகளிலேயே கிடந்தன.

1900-இல் டன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். டூலியின் கடை பெயரளவில் ஆர்ச்சர் சாலையில் இருந்தது. பேச்செல்லாம் வாஷிங்டனைப் பற்றியதாயிற்று. 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் அவர் மறைந்தார். அன்றாட அரசியல் பழையதாக ஆக, அதைப் பற்றிய நகைச்சுவையும் மங்கியது. எந்தக் கொச்சைமொழி புகழ் தந்ததோ, அதன் எழுத்துக்கூட்டலே அடுத்த தலைமுறையார்க்கு முட்டுக்கட்டையாயிற்று. பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் பேச்சு புரியவில்லை.

பின்னர் 1970-களில் சார்லஸ் ஃபானிங், பார்பரா ஷாஃப் ஆகிய ஆய்வாளர்கள் அந்தச் செய்தித்தாள்களைத் தேடிப் படித்து, சிகாகோக் கட்டுரைகளை நூல்களாக வெளியிட்டனர். ஊரைச் சிரிக்கவைத்த ஒருவராக மட்டும் அறியப்பட்டிருந்த டன், ஒரு குடியேற்றச் சமூகத்தின் வாழ்க்கையை உள்ளிருந்து எழுதிவைத்தவர் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. வரலாற்று நூல்களில் கால்வாயின் நீளமும் ஆலையின் உற்பத்தியும் இருக்கும். வெட்டியவனும் உருக்கியவனும் மாலையில் என்ன பேசினார்கள் என்பது இராது. அதை ஒரு நகைச்சுவையாளர் காத்துவைத்திருந்தார்.

பெரியோர்களே! ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு இந்நகருக்கு வந்திறங்கியவர்கள் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேசும் தமிழில் தஞ்சையும் நெல்லையும் உண்டு. இவ்வூர்ச் சந்தையும் அலுவலகமும் கலந்துண்டு. நம் ஆண்டு மலர்களில் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளும் விழாப் படங்களும் குறைவின்றி வருகின்றன. அவை வேண்டியவையே. அவற்றோடு ஆண்டுதோறும் இரண்டு பக்கங்களை ஒதுக்கி, மூத்தவர் ஒருவர் பேசுவதை அவர் பேசுகிறவாறே, திருத்தாமல், அச்சிடவேண்டும் என்பது செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். முதல் வீடு கிடைத்த கதையும், இவ்வூர்ப் பேச்சு புரியாமல் கடைக்காரரோடு பட்ட பாடும் அதில் வரட்டும். நம் பேரர்களுக்கு அது எளிதில் புரியாமற் போகலாம். ஆனால் அச்சில் இருந்தால், என்றேனும் ஒருவர் தேடி வந்து படிப்பார். அச்சேறாத பேச்சைத் தேடி எவரும் வர இயலாது.