பென்ஷன் கணக்கில் ஏறுவது வட்டியா, யூனிட்டா?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பிளாக்குகளில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், ராயபுரத்தில் வேலை பார்க்கும் ரயில்வேக்காரர்கள் இருக்கிறீர்கள், மணலி கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஆனால் பிடித்த பணம் வளரும் விதம் ஆளுக்கு ஆள் வேறு.

2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்த்து 10 சதவீதம் பிடிப்பார்கள். அதே தொகையை அரசும் போடும். தமிழ்நாடு என்.பி.எஸ்.ஸில் சேரவில்லை. அதனால் உங்கள் கணக்கில் யூனிட் கிடையாது. அரசு அந்தப் பணத்தை எங்கே போட்டு எவ்வளவு ஈட்டினாலும், உங்களுக்கு வரவு வைப்பது ஜி.பி.எஃப். வட்டிதான். அது 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாகக் குறைந்தது. பிறகு வருஷக்கணக்கில் அசையவே இல்லை.

வட்டி என்றால், எந்த இருப்புக்கு வட்டி என்று கேட்க வேண்டும். எங்கள் பேங்கில் 2010 ஏப்ரலுக்கு முன்பு சேமிப்புக் கணக்குக்கு, மாதம் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 11ஆம் தேதி கட்டினால் அந்த மாதம் போச்சு. 10ஆம் தேதி கவுண்டரில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவன் நான்! சி.பி.எஸ்.ஸில் நாமே போய்க் கட்டுவதில்லை என்பதால் இந்தப் பதற்றம் நமக்கு வருவதில்லை. அதுதான் ஆபத்து.

கணக்குச் சீட்டில் பலர் கடைசி வரியில் உள்ள மொத்தத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது 12 மாத வரிகள். இடமாறுதல் வந்த மாதம், நிலுவை பிடித்த மாதம், இவை விடுபடும். உங்கள் பங்கு 5,000, அரசின் பங்கு 5,000 என்று வையுங்கள். ஒரே ஒரு மாதம் பதிவாகவில்லை. 7.1 சதவீதத்தில் அந்த 10,000 பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இருபது வருஷத்தில் 39,000 ரூபாயைத் தாண்டும். சம்பளப் பட்டியலில் பிடித்தது பிடித்ததுதான், கணக்கில் மட்டும் இல்லை.

மத்திய அரசுக்காரர்கள் கதை வேறு. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். (2025இல் வந்த யு.பி.எஸ்.ஸுக்கு மாறியவர்கள் பொறுங்கள், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.) உங்கள் பங்கு 10, அரசு பங்கு 2019 ஏப்ரலில் இருந்து 14 சதவீதம். இங்கே வட்டி என்று ஒரு வரியைத் தேடாதீர்கள், கிடைக்காது. பணம் போய்ச் சேர்ந்த நாளின் என்.ஏ.வி. விலைக்கு யூனிட் வாங்குகிறார்கள். யூனிட் எண்ணிக்கை அப்படியே இருக்கும், விலை ஏறி இறங்கும். 9,000 ரூபாய், விலை 30 என்றால் 300 யூனிட். அலுவலகம் ஒரு மாதம் தாமதித்து, விலை 30.60 ஆகிவிட்டால் 294தான். விலை இறங்கியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. அலுவலகத் தாமதத்துக்கு ஈடு கேட்க 2021ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளில் வழி இருக்கிறது, எழுத்தில் கேளுங்கள்.

மணலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பி.எஃப். வட்டி கணக்கில் ஏறத் தாமதமானால் பயப்படாதீர்கள். மாத இருப்புகளை வைத்துக் கணக்கிட்டு, வருஷம் முடிந்த பிறகுதான் வரவு வைப்பார்கள். 2023-24க்கு 8.25 சதவீதம். கம்பெனி பணத்தைக் கட்டியதா என்பதை மட்டும் பாஸ்புக்கில் பாருங்கள்.

சி.பி.எஸ்.ஸில் ஒரு மாதம் விடுபட்டிருந்தால், அந்த மாதச் சம்பளப் பட்டியலின் கருவூல வவுச்சர் எண்ணும் தேதியும் வேண்டும். அன்று எந்த அலுவலகத்தில் சம்பளம் வாங்கினீர்களோ அங்கேதான் அது இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழைய கட்டுகளைத் தேடித் தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சர்வீஸில் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். சீட்டைப் படிக்கச் சிரமமாக இருந்தால் ஞாயிறு காலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது.