பல்லின் வெண்புள்ளி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பல்லைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கன்னத்தில் கைவைத்தவாறே அமர்ந்திருப்பான்; கேட்ட வினாவிற்கு விடை வாராது. பாடத்தில் நாட்டமில்லாதவன் என்று நாம் அவனைப் பலமுறை கடிந்துகொண்டோம். அவன் பள்ளிக்கு வாராத நாட்கள் பெருகிய பின்னரே, கடைவாய்ப்பற்கள் இரண்டு வேர்வரை சொத்தையாகி அவன் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்ததை அறிந்தோம். இரண்டையும் பிடுங்கினர். நாம் படித்தது பி.ஏ., பி.எட். தான், எனினும் அதன்பின் பல் மருத்துவ நூல்களைத் தேடிப் படிக்கலானோம்.

பல்லின் மேலுறையாகிய எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. வாயில் தங்கும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் தாது கரையத் தொடங்கும். பெர்லினில் பணியாற்றிய மில்லர் என்னும் அமெரிக்கர், பிடுங்கிய பற்களை உமிழ்நீரும் ரொட்டியும் கலந்த கலவையில் இட்டு இதனைக் காட்டினார். அவருடைய நூல் 1890இல் வெளிவந்தது.

இன்றைய ஆய்வுக்கூடத்திலும் பிடுங்கிய பல்லே மூலப்பொருள். அதனைத் தைமால் கரைசலில் கெடாது காத்து, பெண்கள் பூசும் நகப்பூச்சினையே மேலெங்கும் பூசி, சிறு சாளரம்போல் ஓரிடத்தை மட்டும் திறந்து விடுகின்றனர். பின்னர் நாள்தோறும் சில மணி நேரம் அமிலக் கரைசலிலும், எஞ்சிய நேரம் உமிழ்நீரை ஒத்த கால்சியக் கரைசலிலும் மாற்றி மாற்றி வைப்பர். உண்பதும் ஓய்வதுமாகிய வாயின் ஒரு நாளை இது கண்ணாடிக் குடுவையில் நடத்திக் காட்டுகிறது. டென் கேட், டூய்ஸ்டர்ஸ் ஆகியோர் 1982இல் வெளியிட்ட முறை இதற்கு வழிகாட்டியாயிற்று.

இங்கு ஒன்று நம் மனத்தைத் தைத்தது. ஆய்வுக்குக் கீறலும் சொத்தையும் இல்லாத பல் வேண்டும். ஆதலின், பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும் பிள்ளைகளிடமிருந்து எடுத்த முன்கடைவாய்ப் பற்களையே பெரிதும் நாடுவர். நம் மாணவனின் பற்கள் ஆய்வுக்கும் உதவாதவை.

தாது இழப்பை அளக்க, வைர முனையொன்றைக் குறிப்பிட்ட எடையுடன் எனாமலில் அழுத்துவர். வலுவிழந்த இடத்தில் தடம் பெரிதாக விழும். பல்லை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்திற்குச் சீவி எக்ஸ்ரே படம் எடுப்பதும் உண்டு. அப்படத்தில் தெரிவது வியப்பானது: மேற்பரப்பு பெரும்பாலும் சிதையாதிருக்க, அதன் அடியிலேயே தாது மிகுதியாகக் குறைந்திருக்கும். வெளியே அது சுண்ணாம்பு நிற வெண்புள்ளி. அந்நிலையில் உமிழ்நீரும் தக்க அளவு ஃபுளோரைடும் இழந்த தாதுவைப் பெருமளவு மீட்கக்கூடும். குழி விழுந்தபின் மீட்சியில்லை. எனாமலைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைத்தபின் இருப்பதில்லை. ஃபுளோரைடு அளவு கடந்தாலும் தீங்கே. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்ட கேட்டினை ஷார்ட் முதலானோர் 1937இல் எழுதினர். தருமபுரி மாவட்டத்தார் அதனை இன்றும் அறிவர்.

குடுவையில் நாக்கில்லை, ஊறும் உமிழ்நீரில்லை. எனவே ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது என்னும் பற்பசை விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டா. இவ்வாய்வுகளுக்குப் பல் மருத்துவர் மட்டும் போதார். வேதியியலும் இயற்பியலும் கற்றோரும் வேண்டும். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேறு வழியறியாதிருக்கும் நம் இளைஞர்கள் இதனைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், 1953இல் தோன்றிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி எதிரிலேயே உள்ளது. அம்மாணவனின் தங்கை இப்போது நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு. சென்ற மாதம் அவளது மேல் முன்பல்லில், ஈறையொட்டி, வெண்புள்ளி ஒன்றைக் கண்டோம். மறுநாளே தாயாருடன் அங்கு அனுப்பினோம். குழி இன்னும் விழவில்லை என்றனராம்.