திரைதான் அவர்களுக்குத் தறி
(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நரை கண்டதும் ஆளைக் கழித்துக்கட்டும் புத்தி ஆலை முதலாளிக்கு மட்டும் உரியதல்ல. டெலிவிஷனில் செய்தி வாசிக்கிறவர்களுக்கும் அதே கதிதான்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரச் செய்தி நிலையம் என்.ஒய்.1. அங்கே பணிபுரிந்த 5 பெண்கள், அதை நடத்திய சார்ட்டர் கம்பெனி மீது 2019 ஜூனில் வழக்குத் தொடுத்தார்கள். இளையவருக்கு வயது 40. மூத்தவரான ரோமா டோரேக்கு 61. நிலையம் தொடங்கிய 1992 முதல் அங்கே உழைத்தவர் அவர்.

அவர்கள் சொன்ன குறை என்ன? சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தது. ஆனால் திரையில் தோன்றும் நேரத்தைக் குறைத்து, இளையவர்களுக்கும் ஆண்களுக்கும் கொடுத்தார்கள் என்பதே. தறியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ வேலையில்தானே இருக்கிறாய்?" என்றால் அது நியாயமா? கம்பெனியோ குற்றச்சாட்டை மறுத்தது.

40 வயது நிரம்பியவரை வயதுக்காக ஒதுக்கக்கூடாதென்று 1967லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வயதுதான் காரணம் என்று மெய்ப்பிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில். 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பாரத்தை இன்னும் கூட்டியது.

2020 டிசம்பரில் சமரசம் ஆயிற்று. ஐவரும் நிலையத்தை விட்டு வெளியேறினார்கள். வழக்கு தீர்ந்தது, திரை திரும்பவில்லை.

ஆயினும், ஒருத்தி தனியே சொல்லியிருந்தால் கிழவியின் புலம்பல் என்று தள்ளியிருப்பார்கள். ஐவர் சேர்ந்து நின்றார்கள், ஊர் கேட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, தோழர்களே! அதைக் கேட்டு வாங்கச் சேர்ந்து நிற்கும் ஆட்கள் வேண்டும்!