காந்தக் கல்லும் ராடார்க் கதிரும்



ஹைதராபாத் நகரின் ஹப்சிகுடாப் பகுதியில், 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. பாறைகளில் பதிந்துள்ள தொல்காந்தத்தை ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது, அதிலிருந்த மாக்னடைட் வகைத் துகள்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையை ஏற்றுக்கொண்டன. இன்றும் அதனை இழக்கவில்லை. இந்தியா அப்போது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்பதற்கு அவையே சான்று.

சேலத்துக் கஞ்சமலையிலும் கிடைக்கும் மாக்னடைட், இயற்கை தந்த ஃபெரைட் ஆகும். காந்தமாக்கிய விசை நீங்கிய பின்னும் காந்தத்தன்மை எஞ்சி நிற்கும் இப்பண்பே, அசையாத ஆன்டெனாவின் கதிரைத் திசைதிருப்பவும் உதவுகிறது.

பழைய ராடாரில் ஆன்டெனாவை மோட்டார் கொண்டு சுழற்ற வேண்டும். விரைந்து வரும் பல விமானங்களை ஒருசேரக் கண்காணிக்க அவ்வேகம் போதாது. ஆகவே, ஒரே பரப்பில் ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகளை அடுக்கும் முறை வந்தது. அடுத்தடுத்த உறுப்புகளின் இடைவெளி அரை அலைநீளமாக இருந்து, ஒவ்வொன்றின் அலையும் முந்தியதைவிடக் கால் அலை பின்தங்கிப் புறப்பட்டால், கதிர் 30 பாகை சாயும். பின்தங்கும் அளவை மாற்றினால் சாய்வும் மாறும்.

இதற்கு ஒவ்வோர் உறுப்பிலும் அலையின் கட்டத்தை மாற்றும் கருவி வேண்டும். இரும்பு ஆக்சைடுடன் மக்னீசியம், மாங்கனீசு போன்றவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து சூளையில் சுட்டால், மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஃபெரைட் கிடைக்கும். நுண்ணலை அதனுள் அதிக இழப்பின்றிச் செல்லும். அதன் காந்த நிலையை மாற்றினால் அலையின் வேகமும், அதனால் கட்டமும் மாறும். ஒரு கணநேர மின்துடிப்பே போதும். அடுத்த துடிப்பு வரும்வரை, மின்சாரமின்றியே அந்நிலை நீடிக்கும். ஆயிரக்கணக்கான கருவிகளுக்கு இடைவிடாது மின்னோட்டம் அளிக்கும் தேவை இவ்வாறு நீங்குகிறது.

இந்தியாவில் 1983ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. அதில் ஹைதராபாத்தில் உருவான ஆகாஷ் ஏவுகணைக்கு வழிகாட்ட, பெங்களூரில் ராஜேந்திரா ராடார் வடிவமைக்கப்பட்டது. அதன் ஆன்டெனாவில் சுமார் 4,000 உறுப்புகள் உள்ளன. 1987ஆம் ஆண்டு ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு உருவான பின், உயர் தொழில்நுட்பக் கருவிகளை வெளிநாடுகளிலிருந்து பெறுவது கடினமாயிற்று. ஃபெரைட் கட்டமாற்றிகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியை, டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பாரதி பட் தலைமையிலான குழு நிறைவேற்றியது.

ஆய்வுக்கூடத்தில் ஒன்றைச் செய்து காட்டுவது இப்பணியின் தொடக்கமே. கலவையின் விகிதமோ சூளையின் வெப்பமோ சிறிது பிறழ்ந்தாலும் கட்டம் பிறழும், கதிர் சிதறும். ஆயிரக்கணக்கானவை ஒன்றுபோல் அமைவதே உண்மையான சோதனை. ஆகாஷ் 2015ஆம் ஆண்டு தரைப்படையிலும் விமானப்படையிலும் முறைப்படி சேர்க்கப்பட்டது.

இன்று பல புதிய ராடார்களில் குறைகடத்திகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும் அவற்றுக்கும் தூய மூலப்பொருளும், பிறழாத உற்பத்தி முறையும் இன்றியமையாதவை. கனிவளம் மட்டும் ஒரு நாட்டுக்குத் தற்சார்பைத் தந்துவிடாது. கனியைக் கருவியாக்கும் திறனைப் பல்கலைக்கழகங்களும் தொழிற்கூடங்களும் இணைந்து வளர்த்தல் வேண்டும்.