மைப்புட்டிகள்

நாணயமும் தபால்தலையும் சேர்ப்போர் பலர். நான் சேர்ப்பது பேனா மை.

அவற்றுள் எனக்கு மிகவும் உவப்பானது நீலக்கறுப்பு மை. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியும் கலந்து பழைய முறையில் ஆக்கப்பெறும் இம்மை, உடன் சேர்க்கும் சாயத்தால் எழுதுங்கால் நீலமாய்த் தோன்றும். காற்றுப்பட்டபின் மெல்லக் கறுத்துத் தாளோடு ஒன்றிவிடும்.

சுதேசி உணர்ச்சியால் 1934-இல் வங்கத்தில் தோன்றிய சுலேகா மையும் என் பேழையில் உண்டு. இடையில் நின்றுபோன அதன் உற்பத்தி 2020-இல் மீண்டும் தொடங்கியபோது, பிரிந்த நண்பரைக் கண்டாற்போல் மகிழ்ந்தேன்.

என் தாயாரின் கடிதங்களுள், கழுவினால் போகும் நீலத்தில் எழுதியவை ஒரு மழை ஒழுக்கில் அழிந்தன. நீலக்கறுப்பில் எழுதியவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் இந்த மை பேனாவினுள் உலர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி கழுவுதல் வேண்டும். அவ்வளவு உழைப்புக்கும் அது தகும். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவோர் மையையும் தேர்ந்துகொள்ளுங்கள்.